பொன்வண்டுக்கு என்ன விலை?

"ஊரில் இவ்வளவு நடக்கும்போது, நூல்கண்டும் ஊசியுமாக உட்கார்ந்து பூச்சி பொம்மை பின்னிக்கொண்டிருக்கிறீர்களே தோழர், இது என்ன வேலை?"

சில மாதங்களாக இந்தக் கேள்வியைப் பல வாய்களில் கேட்டுவிட்டோம். கேட்டவர்களில் பெரும்பாலானோர் கல்லூரியில் படிக்கும் இளம் தோழர்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. விழுப்புரம் என்று சொன்னால் 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டது நம் நினைவுக்கு வர வேண்டும். மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் நினைவுக்கு வர வேண்டும். 2023இல் அங்கே சாமி கும்பிட உள்ளே போன நம் பிள்ளைகள் தாக்கப்பட்டார்கள். பிறகு கோயிலையே பூட்டி சீல் வைத்தார்கள். இப்படிப்பட்ட மாவட்டத்தில் பொம்மை எதற்கு?

இந்தக் கேள்விக்கு எங்கள் படிப்பகம் சார்பில் ஒரு முறை எழுதியே பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு காலனியில் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். வார நாட்களில் பாடம். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் குரோஷா. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் கல்லூரி மாணவிகள் வரை வருகிறார்கள். நான்கைந்து அம்மாக்கள் வருகிறார்கள். இரண்டு பையன்களும் உண்டு. முதல் வாரம் அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் மூன்றாம் வாரம் அவர்களிடமே சந்தேகம் கேட்டார்கள்.

குரோஷா தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். முனையில் சின்னக் கொக்கி உள்ள ஒரே ஒரு ஊசி. அதை வைத்து நூலை இழுத்து, வளையத்துக்குள் வளையமாகக் கோத்துக்கொண்டே போவது. தறி வேண்டாம், கரண்ட் வேண்டாம். நூல் வாங்க மாதம் ஒருமுறை யாராவது விழுப்புரம் போய் வருவார்கள். ஊசியும் ஒரு கண்டு நூலும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

என்ன பின்னுவது என்று முதல் நாள் கேட்டோம். இணையத்தில் பார்த்த கரடி, முயல், யூனிகார்ன் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு பெண் மட்டும் "பொன்வண்டு" என்றாள். அறை அமைதியாகிவிட்டது. எல்லாருக்கும் பொன்வண்டைத் தெரியும். மழைக்காலத்தில் வேல மரத்திலும் கொடுக்காப்புளி மரத்திலும் தேடிப் பிடித்து, தீப்பெட்டிக்குள் இலை போட்டு வைத்து, பள்ளிக்கூடத்துக்குச் சட்டைப் பையில் எடுத்துப் போனவர்கள்தான் எல்லாரும். அது முட்டை போட்டதா என்று மணிக்கொரு தடவை திறந்து பார்த்தவர்கள். பொம்மைக் கடையில் இல்லாத, ஆனால் நம் பிள்ளைகள் அத்தனை பேரும் வைத்து விளையாடிய பொம்மை அது. அதனால் அதையே பின்னினோம்.

பின்னும் முறை இப்படி. நூலைச் சுருக்கு வளையமாகப் போட்டு அதற்குள் 6 கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் 12. அதற்கடுத்த சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு போட்டால் 18. பிறகு 24, பிறகு 30. ஒரு சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் தட்டையான வட்டம் வரும். கூட்டுவதை நிறுத்தினால் விளிம்பு மேலெழுந்து கிண்ணமாகும். ஆறு ஆறாகக் குறைத்தால் வாய் மூடிக்கொள்ளும். மூடுவதற்கு முன் பஞ்சு அடைக்க வேண்டும். வண்டின் உடம்பு தயார். கழுத்துக்குத் தனித் துண்டு, இறக்கைக்கு இரண்டு துண்டுகள், காலுக்கு ஆறு சங்கிலிப் பின்னல்கள்.

ஆறாம் வாய்ப்பாடு வராது என்று பள்ளிக்கூடத்தில் முட்டி போட வைக்கப்பட்ட பெண், "அக்கா, இந்தச் சுற்றில் 29தான் இருக்கு, எங்கயோ ஒண்ணு விட்டுப்போச்சு" என்று தானாகவே கண்டுபிடித்து, பிரித்து, மறுபடி போட்டாள். குரோஷாவில் பிரித்தாலும் நூல் வீணாகாது. தப்பு செய்தால் அடி விழும் என்ற பயத்தோடு எண்ணக் கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம்.

இறக்கைதான் அழகு வேலை. பொன்வண்டில் ஒரு வகைக்குக் கழுத்து மினுமினுக்கும் பச்சை, இறக்கை செம்பழுப்பு. இன்னொரு வகை முழுக்கப் பச்சை, அதன் மேல் வெளிர் மஞ்சள் புள்ளிகள். பார்த்ததைப் பார்த்தபடி பின்னச் சொல்லவில்லை. ஒருத்தி தன் ஆயா முடையும் பனையோலைக் கூடையின் வளைவு நெளிவு வரிசையை இறக்கையில் கொண்டுவந்தாள். ஒருத்தி ஐந்து புள்ளிக் கோலம் போட்டாள். பையன்களில் ஒருவன் நீலம் மட்டும்தான் போடுவேன் என்று நின்றான். ஏன் என்று நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கண்ணுக்கு மணி வைத்தால் சின்னப் பிள்ளைகள் பிய்த்து விழுங்கிவிடுவார்கள் என்று ஓர் அம்மா சொன்னார். அதிலிருந்து கண் எல்லாம் கறுப்பு நூல் முடிச்சுதான்.

இந்த வண்டுக்கும் குரோஷாவுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பொன்வண்டின் இறக்கை ஓடுகளை மஸ்லின் துணியில் வைத்துத் தைத்து இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். சென்னை அந்த வேலைப்பாட்டுக்குப் பேர்போன இடங்களில் ஒன்று. 1888இல் லண்டனில் எலன் டெரி என்ற நடிகை லேடி மாக்பெத்தாக நடித்தபோது போட்ட உடை பச்சை நூலில் குரோஷாவாகப் பின்னப்பட்டது. அதன் மேல் சுமார் 1000 வண்டு இறக்கைகள். ஜான் சிங்கர் சார்ஜென்ட் அதை ஓவியமாக வரைந்தார். உடை இன்றும் இங்கிலாந்தில் பாதுகாக்கப்படுகிறது. நடிகையின் பெயர் இருக்கிறது, ஓவியரின் பெயர் இருக்கிறது, உடையை வடிவமைத்தவரின் பெயரும் இருக்கிறது. சென்னையில் குனிந்து உட்கார்ந்து இறக்கை இறக்கையாகத் தைத்து அனுப்பியவர்களின் பெயர் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது? இதைப் படிப்பகத்தில் சொன்ன அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு வண்டின் வயிற்றிலும் தங்கள் பெயரின் முதல் எழுத்தைத் தைக்கிறார்கள்.

இனி, எங்களை உண்மையிலேயே யோசிக்க வைத்த கேள்விக்கு வருவோம். ஒரு தோழர் கேட்டார்: "நம் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுப்பது குலக்கல்வி ஆகிவிடாதா?"

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கூடம் போக வேண்டும், மீதி அரை நாள் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும். செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்புத் தைக்கவும், துணி வெளுப்பவர் பிள்ளை துணி வெளுக்கவும் அரசே நேரம் ஒதுக்கியது. கடும் எதிர்ப்பில் 1954இல் ராஜாஜி பதவி விலகினார், திட்டமும் போனது. ஆனால் அந்த எண்ணம் போகவில்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். விண்ணப்பிப்பவர் குடும்பம் வழிவழியாக அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தது. தமிழ்நாடு அரசு அதை ஏற்க மறுத்து, குலத்தொழில் நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. சாதி வேலையைப் பங்கு போடுவதோடு நிற்காமல், வேலை செய்யும் மனிதர்களையே ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் பிரித்து வைக்கிறது என்று 1936லேயே அண்ணல் அம்பேத்கர் எழுதினார். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால், எந்தத் தொழில் என்பதைவிட அதை யார் முடிவு செய்தது என்பதே சிக்கல் என்று புரியும்.

நம் ஊர்ச் சாதி அடுக்கில் குரோஷாவுக்கு இடம் கிடையாது. இன்ன சாதிதான் இதைச் செய்ய வேண்டும், இன்ன சாதி தொடக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வெளியிலிருந்து வந்த ஊசி அது. படிப்பு முடிந்த பிறகு, விருப்பப்பட்டவர்கள் மட்டும், விருப்பப்பட்ட உருவத்தைப் பின்னுகிறார்கள். தேர்வு வந்தால் ஊசி உள்ளே போய்விடும். இதில் குலமும் இல்லை, கட்டாயமும் இல்லை.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். வெளியிலிருந்து வந்த ஊசி என்ன செய்தது என்பதற்கு இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

முதல் வரலாறு நாகர்கோவிலில். 1819இன் கடைசியில் அங்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, அங்கே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா இல்லை. தலையணை மேல் ஊசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. புலையர், பறையர் குடும்பங்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள். அந்தப் பள்ளியில் படித்த அடிமைப் பெண்பிள்ளைகள் லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து ஆணை போட்டது 1855இல்தான். அரசாணைக்கு முன்பே நூலால் சங்கிலியை அறுத்த பிள்ளைகள் அவர்கள். மால்ட்டின் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கும் லேஸ் வேலையைப் பரப்பினார். கால்டுவெல் என்றால் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் நினைவுக்கு வருகிறது. அந்த லேஸ் வேலை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இரண்டாவது வரலாறு ஆந்திராவின் நர்சாபூரில். அங்கே மிஷனரிகள் கற்றுக்கொடுத்தது நாம் பின்னும் அதே குரோஷா. தொடக்கத்தில் கற்றவர்கள் மாலா, மாதிகா சாதிகளிலிருந்து கிறித்தவத்துக்கு வந்த ஏழைப் பெண்கள். பிறகு மற்ற சாதிப் பெண்களிடமும் பரவி, லட்சம் பேர் பின்னும் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. 1970களின் இறுதியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே போய் ஆராய்ந்தார். 1982இல் புத்தகமாக வந்தது. நாள் முழுக்கப் பின்னும் பெண்ணுக்கு ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை. ஆண்கள் வியாபாரிகளாகவும் ஏற்றுமதியாளர்களாகவும் வளர்ந்தார்கள். பின்னிய பெண்களைத் தொழிலாளி என்று யாரும் சொல்லவில்லை. "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் பின்னுகிறார்கள்" என்றார்கள். தொழிலாளி இல்லையென்றால் குறைந்தபட்சக் கூலி இல்லை, சங்கம் இல்லை, கேள்வி இல்லை.

இரண்டு ஊரிலும் கையில் இருந்தது நூல்தான். ஓரிடத்தில் அடிமைப் பெண் விடுதலை ஆனாள். இன்னோரிடத்தில் வீட்டுத் திண்ணையிலேயே கொத்தடிமை போல ஆனாள். நாகர்கோவிலில் நூலுக்குக் கிடைத்த காசு பிள்ளையின் கணக்கில் சேர்ந்தது. நர்சாபூரில் கணக்கு வியாபாரியிடம் இருந்தது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் காலணியின் மேல்பகுதியை வீட்டில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று தைத்துக் கொடுக்கும் பெண்களில் நம் பெண்களும் முஸ்லிம் பெண்களும் நிறைய. அந்தக் காலணி வெளிநாட்டுக் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களையும் தொழிலாளிகளாக மதிக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை.

எங்கள் வாசலுக்கும் அது வந்தது. எங்கள் பொன்வண்டுப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வியாபாரி தேடி வந்தார். "நூல் நான் தர்றேன், மாதம் 200 பொம்மை வேணும், ஒண்ணுக்கு 30 ரூபாய்" என்றார். "வீட்ல டிவி பாத்துக்கிட்டே பின்னலாமே" என்று கூடவே சொன்னார். நர்சாபூர் கதை அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தோம். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் அம்மாதான் வாயைத் திறந்தார்: "நாலு மணி நேரம் குந்திப் பின்றதுக்கு முப்பது ரூபாயா? நடவுக்குப் போனாலே அதுக்கு மேல வாங்குவமே சார்."

அவர் போன பிறகு கரும்பலகையில் கணக்குப் போட்டோம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு நாளொன்றுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. பழகிய கைக்கு ஒரு வண்டு பின்ன நான்கு மணி நேரம்; ஆக 168. நூலும் பஞ்சும் 40. மொத்தம் 208. பொதுப் பெட்டிக்கு 12 சேர்த்து 220 ரூபாய். கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒன்பது மணி நேரம் ஆனதை விலையில் ஏற்றவில்லை. இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டார்கள். குறைந்தபட்சக் கூலி பற்றி நாங்கள் எடுத்த எந்த வகுப்பும் இந்த அளவுக்கு ஏறியதில்லை.

விழுப்புரத்தில் ஒரு கண்காட்சியில் மேசை போட இடம் கிடைத்தது. 26 பொன்வண்டுகளோடு ரயில் ஏறினோம். 17 விற்றன. "சைனா பொம்மை நூறு ரூபாய்க்குக் கிடைக்குதேம்மா" என்று பலர் சொன்னார்கள். பிள்ளைகள் பதில் வைத்திருந்தார்கள். ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. குரோஷாவைப் பின்னித் தள்ளும் தொழிற்சாலை இயந்திரம் கிடையாது. உலகத்தில் எந்தக் கடையில் எந்தக் குரோஷா துணியைப் பார்த்தாலும் அது யாரோ ஒருவர் கையால் பின்னியதுதான். அது மலிவாக இருக்கிறதென்றால், அந்த யாரோ ஒருவருக்குக் கூலி கிடைக்கவில்லை என்று அர்த்தம். இதைக் கேட்டு இரண்டு பேர் பேரம் பேசாமல் வாங்கிப் போனார்கள்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு பெண்மணி வண்டைக் கையில் எடுத்து வெகு நேரம் ரசித்தார். "யாரு பின்னினது?" "நான்தான் ஆண்ட்டி." "எந்த ஊரு?" சொன்னாள். "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" காலனி என்று சொன்னாள், குரல் தாழ்த்தாமல். வண்டு மெதுவாக மேசைக்குத் திரும்பி வந்தது. "அப்புறமா வர்றேன்" என்று போனவர் வரவில்லை. எங்கள் கணக்கு நோட்டில் நூல், நேரம், விலை, குறிப்பு என்று நான்கு பத்திகள் உண்டு. அன்று அந்தப் பெண் குறிப்புப் பத்தியில் எழுதினாள்: "விற்கவில்லை. தெரு கேட்டார்."

குரோஷா ஊசிக்குச் சாதி இல்லை என்று மேலே சொன்னோம். பின்னும் கைக்குச் சாதி பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் இதை ஒரு மந்திரக்கோல் என்று நாங்கள் எங்கும் சொல்லமாட்டோம். 17 வண்டு விற்ற காசில் யாரும் வாழ முடியாது. நிலமும் கல்வியும் அரசு வேலையும் பாதுகாப்பும் கேட்டு நடக்கும் போராட்டத்துக்கு இது மாற்றாகவும் ஆகாது. மேல்பாதிக்குப் போக வேண்டிய நாளில் நாங்கள் மேல்பாதிக்குத்தான் போவோம். ஆனால் ஒரு மனுவில் வன்கொடுமையை நாள், நேரம், இடம், சொன்ன சொல் என்று பிசகாமல் எழுதப் பழக வேண்டும் என்று எத்தனை பயிலரங்கில் சொல்லியிருக்கிறோம்! பதின்மூன்று வயதுப் பெண் மூன்று சொற்களில் அதைச் செய்துவிட்டாள்.

தங்கள் ஊரிலும் இப்படித் தொடங்க நினைக்கும் தோழர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில. பாடத்துக்கான நேரத்தை எடுத்துக் கைத்தொழிலுக்குக் கொடுக்காதீர்கள். பையன்களையும் உட்கார வையுங்கள். என்ன பின்னுவது என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும். முதல் நாளே கணக்கு நோட்டைப் போடுங்கள். அதை எழுதுவது பின்னுபவர்களாகவே இருக்கட்டும். யாராவது "சும்மா இருக்கும் நேரத்தில்" என்று பேச்சைத் தொடங்கினால், நர்சாபூரைச் சொல்லுங்கள். அம்மாக்கள் எந்த நாளில் சும்மா இருந்தார்கள் என்றும் கேளுங்கள்.

மீதி 9 வண்டுகளில் மூன்றைப் படிப்பகத்தின் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். ஆறு இன்னும் அலமாரியில் இருக்கின்றன. விலை அதே 220. குறைக்கப் போவதில்லை.

ஜெய்பீம்.